பழைய குழு மறுபடி மேடையேற: குரல், சுருதி, உப்புக்காற்று

வருடக்கணக்காகக் கலைந்திருந்த குழு திரும்பச் சேர்ந்ததும் எல்லாருடைய கையும் முதலில் போவது கிற்றாரிடம். போக வேண்டியது பாடகரிடம். கம்பியை மாற்றலாம், ஸ்பீக்கரை வாடகைக்கு எடுக்கலாம். 62 வயதுத் தொண்டைக்கு மாற்று இல்லை. 2024 ஓகஸ்டில் அமெரிக்க ரொக் குழுவான ஏரோஸ்மித் மேடைப் பயணத்தை முற்றாக நிறுத்தியது பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளைக் காயம் ஆறாததால்தான்.

ஒவ்வொரு பாட்டிலும் மிக உச்சமான சுரத்தைக் கீபோர்டில் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். மூன்று வேறு நாட்களில், மாலையில், அதைப் பாடகர் பாடட்டும். நல்ல நாளை விட்டுவிட்டு மோசமான நாளைக் கணக்கில் எடுங்கள். மேடை நாள் அப்படித்தான் வரும். கத்தினால்தான் எட்டுகிறது என்றால் அந்தப் பாட்டின் சுருதியை இறக்க வேண்டும். அரைச்சுருதி (கீபோர்டில் பக்கத்துக் கட்டை ஒன்று), முழுச்சுருதி (இரண்டு) வரை கேட்பவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒன்றரைக்கு மேல் போனால் சரணத்தின் அடிப்பகுதி வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாக நின்றுவிடும். அப்படிப்பட்ட பாட்டில் உச்ச வரியை மட்டும் இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். 2021-22 சுற்றுப்பயணத்தில் ஜெனசிஸ் குழுவின் பாடகர் ஃபில் கொலின்ஸ் உட்கார்ந்தே பாடினார், ட்ரம்ஸில் அவருடைய மகன் இருந்தார். அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

பாட்டுக்குப் பாட்டு வேறு சுருதி வைப்பதைவிட முழுக் குழுவும் அரைச்சுருதி இறங்குவது லேசு. மெட்டாலிகா என்ற ரொக் குழு 1990களின் நடுப்பகுதியிலிருந்து மேடையில் இப்படித்தான் வாசிக்கிறது. இறக்கியதும் கம்பியின் இழுவை குறையும், கிற்றாரின் கழுத்து பின்னுக்கு நிமிரும், முதல் மூன்று கட்டங்களில் கம்பி உரசி இரையும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கோலைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அன்றைக்கே இரண்டாவது தடவை திருப்ப வேண்டாம். மெல்லிய கம்பி வாங்கவும் தேவையில்லை. 10-46 தடிப்புள்ள கம்பிச் செற் அரைச்சுருதி கீழே வந்தால் விரலுக்கு ஏறக்குறைய ஒருபடி மெல்லிய 9.5 செற் போல இருக்கும். விரல் நுனி காய்ப்பேற தினமும் 20 நிமிடம், நாலு கிழமை போதும்.

கீபோர்டில் ஒரு பொறி இருக்கிறது. அரைச்சுருதி இறங்க -1 என்று மாற்றி வைத்திருப்பீர்கள்; கரண்ட் ஒருமுறை போய் வந்தால் பல கீபோர்டுகள் பழையபடி 0இல் நிற்கும். அடுத்த பாட்டின் முதல் கோர்டிலேயே முழுக் குழுவோடும் மோதும். முகப்பில் டேப் ஒட்டி "-1" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். ட்ரம்பெட்காரருக்கோ இந்த மாற்றம் வரப்பிரசாதம்: ஈ மேஜர் பாட்டுக்கு ஆறு ஷார்ப் (ஏற்றிய சுரம்) வாசித்தவருக்கு இனி ஒரு ஃபிளாட் (இறக்கிய சுரம்)தான்.

இனிச் சாமான். திருகோணமலையில் அலுமாரிக்குள் கிடந்த கிற்றாரும் கடற்காற்றின் உப்பிலிருந்து தப்பாது. சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் மின் தொடுகைகளுக்கென்றே விற்கும் கிளீனரை உள்ளே ஒரு விசிறல் அடித்து, குமிழை முப்பது தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். எண்ணெய்ப்படலம் தூசியைப் பிடித்து மறுபடி கரகரக்கும். மைக்கின் கம்பி வலையைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே பூட்டுங்கள். வாடைக்கால ஈரத்தில் மரம் ஊதும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அதே மரம் சுருங்கும், கட்டக் கம்பிகளின் முனை விளிம்பில் துருத்திக் கையைக் கீறும். கிற்றாரைப் பெட்டியிலேயே வையுங்கள், வாடைக்கு மட்டும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள். கச்சான் தொண்டையையும் காயவைக்கும். பாடகருக்கு அருகில் குளிர்ந்ததல்லாத தண்ணீர் இருக்கட்டும்.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான் என்றால் பின்தகட்டைப் படிக்காமல் சொருக வேண்டாம். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. நேரே கொடுத்தால் பவர் சப்ளை எரியும். இறக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மரைச் சாமானின் வாட்ஸைப் போல் இரண்டு மடங்குக்கு வாங்குங்கள். பல வருடம் ஓடாத வால்வ் அம்ப்பை நீங்களே திறக்கக் கூடாது. பிளக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிற்றர் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், அது ஆளைக் கொல்லும். வால்வ் வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள்.

காதைப் பற்றிக் குழுக்கள் பேசுவதில்லை, பேச வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்; 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சின்ன அறையில் ட்ரம்ஸ் அடித்தால் 100 வெகு லேசாக வரும். ஏசி/டிசி ரொக் குழுவின் பாடகர் பிரையன் ஜோன்சன் 2016இல் பயணத்தைப் பாதியில் விட்டது செவியை முழுதாக இழந்துவிடும் ஆபத்தால். பயிற்சி அறையில் சத்தம் கூடுவதற்கு முக்கிய காரணம் அம்ப் நிலத்தில் நின்று வாசிப்பவரின் முழங்காலுக்குப் பாடுவது. கதிரையில் ஏற்றி முகத்தை நோக்கிச் சாய்த்தால் அவரே சத்தத்தைக் குறைப்பார். காதடைப்பான் வாங்கினால் இசைக்காரருக்கென வரும் ஃபில்டர் வகையை வாங்குங்கள். பஞ்சு வகை உச்ச ஒலியை அதிகம் தின்றுவிடும். வயதோடு எல்லாருக்கும் உச்ச ஒலி குறைவாகத்தான் கேட்கும், அதனால் ட்ரெபிளை (உச்ச ஒலியின் அளவை) கூட்டிக்கொண்டே போவார்கள், சனம் காதைப் பொத்தும். சவுண்ட் பார்க்கும்போது இருபது வயதுப் பிள்ளை ஒருவரைச் சனம் நிற்கும் இடத்தில் நிறுத்தி, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

நிகழ்ச்சி 90 நிமிடம், நடுவில் 15 நிமிட ஓய்வு. கடினமான பாட்டை முதலாவதாக வைக்க வேண்டாம். தொண்டை திறந்திருக்கும் நாலாவது, ஐந்தாவது இடம் அதற்கு. நிகழ்ச்சிக்கு முதல்நாள் முழுக்குரலில் பயிற்சி கூடாது. பாட்டு வரிகளை 28 அளவு எழுத்தில் அச்சடித்து, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் தாளின் மேலும் கீழும் கவ்வுங்கள். மேலே மட்டும் கவ்வினால் கடற்காற்று தாளைப் புரட்டி முகத்தில் அடிக்கும்.

கடற்கரையில் ஜெனரேற்றர் வைத்தால் பூமி இணைப்பைக் கண்ணால் பாருங்கள். கிற்றாரும் மைக்கும் வேறு வேறு வயரிலிருந்து கரண்ட் எடுத்தால், கம்பியில் கை இருக்கும்போது உதடு மைக்கில் பட்டதும் அடிக்கும். இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள். பாடகர் கிட்டப் போகுமுன் கரண்ட் பார்க்கும் டெஸ்டரை மைக் வலையில் வைத்துப் பாருங்கள். விளக்கு மினுங்கினால் ஜெனரேற்றரை நிறுத்திவிட்டுப் பிழையைத் தேடுங்கள், சனம் காத்திருக்கட்டும்.