மெல்ட்டே ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலையின் தடம் பிடிப்பது எப்படி?

தெற்கு வேல்ஸில், நெத் வெக்கனும் மெல்ட்டேயும் கூடி நீத் ஆறாகும் இடத்தில் இருக்கிறது பொன்ட்நெத்வெக்கன் கிராமம். அருவி பார்க்க வருகிறவர்கள் பலர், 1857 முதல் 1931 வரை இங்கே ஓடிய கருமருந்து ஆலையைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். அதன் இடிபாடுகள் மெல்ட்டே கரைக் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன.

நவம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது. கோடையில் பெரணியும் இலையும் சுவர்களை மூடிவிடும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுவதால் காலையிலேயே கிளம்புங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்12 வரைபடம் போதும். ஸ்காட்லாந்து தேசிய நூலக இணையதளத்தில் அதே இடத்தின் பழைய ஆறு அங்குல வரைபடத்தையும் (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்தது) பார்த்து, கட்டடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்தைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள். ஆலையை ஓட்டியது ஆறுதான். முதலில் தடுப்பணை, அங்கிருந்து பிரியும் வாய்க்கால், அது முடிகிற இடத்தில் நீர்ச்சக்கரக் குழி. அதன் பக்கத்தில்தான் கலவை ஆலை. வெடியுப்பு 75, மரக்கரி 15, கந்தகம் 10 என்ற எடை விகிதத்தில் ஈரம் காட்டி, கனத்த உருளைகளுக்கு அடியில் மணிக்கணக்கில் அரைத்த இடம் அது. மூன்று பக்கம் தடித்த கற்சுவர், நாலாவது பக்கமும் கூரையும் லேசானவை என்று கட்டியது வேண்டுமென்றே: வெடித்தால் வேகம் அந்தப் பக்கமாக வெளியேற வேண்டும். ஒரு பக்கம் திறந்து நிற்கும் சுவரைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டடத்தைப் பார்த்தபின் அடுத்தது சீக்கிரம் வராது. பலர் இங்கேதான் 'அவ்வளவுதான்' என்று திரும்பிவிடுகிறார்கள். ஒன்று வெடித்தால் இன்னொன்று பற்றக்கூடாது என்பதால் ஆலையையே பள்ளத்தாக்கு நெடுகப் பரப்பி, குதிரை இழுக்கும் டிராம் பாதையால் இணைத்திருந்தார்கள். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாமல் ஆற்றை ஒட்டிப் போகும் பாதையை விடாமல் நடங்கள்.

நிலக்கரிச் சுரங்கங்களில் கருமருந்தின் தீப்பிழம்பு மீத்தேனைப் பற்றவைக்கும். சுரங்கங்களில் வெடிக்க அனுமதிக்கப்பட்ட வெடிமருந்துப் பட்டியலிலிருந்து அதை நீக்கியதும் ஆலையை மூடினார்கள்.

நேரமிருந்தால் பக்கத்திலுள்ள டினாஸ் பாறைக்கும் போங்கள். இங்கே வெட்டிய சிலிக்கா கல்லில் 1822இல் வில்லியம் வெஸ்டன் யங் உருவாக்கிய செங்கல்தான் உலைகளின் உட்சுவராக வெளிநாடுகளுக்கும் போனது. அங்கே வண்டி நிறுத்துமிடம் கோடை வார இறுதிகளில் சீக்கிரம் நிரம்பிவிடும். சிலிக்கா சுரங்க வாய்களுக்குள் நுழையவே நுழையாதீர்கள். மேற்கூரைப் பாறை எப்போது வேண்டுமானாலும் பெயரலாம். பாசிச் சுவர்மேல் ஏறுவதும் வேண்டாம், இலை மூடிய சக்கரக் குழி காலடியிலேயே இருக்கலாம். பலத்த மழை பெய்த மறுநாள் மெல்ட்டே வேகமாகப் பெருகும். அன்று பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.