பிள்ளைக்குச் சீன மொழி: குமரி மாவட்டப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையில் 'குளோபல்', 'இன்டர்நேஷனல்' என்று இருந்தால் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்தபடியாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை ஆன்லைனில் சீன மொழி வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்கும் பெற்றோரும் வந்துவிட்டார்கள். சொந்தத்தில் ஒருவர் சீனாவில் எம்.பி.பி.எஸ். படித்திருப்பார், மாமா சிங்கப்பூரில் இருப்பார், அல்லது பிள்ளையே ஏதோ கார்ட்டூனைப் பார்த்துவிட்டு நாலு வார்த்தை சொல்லிக்கொண்டு திரியும். கேள்வி நல்ல கேள்விதான், சேர்க்கலாம். ஆனால் பெரியவர்களின் அவசரத்தால் பணமும் பிள்ளையின் ஆசையும் சேர்ந்தே வீணாகும் இடங்கள் சில உண்டு. அவற்றைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில், 'இம்மெர்ஷன்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடுவது. மொழியைத் தனிப் பாடமாக வைக்காமல் கணக்கு, அறிவியல், ஓவியம், விளையாட்டு என்று பள்ளிப் பாடங்களையே அந்த மொழியில் நடத்துவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். 1965இல் கனடாவில் மாண்ட்ரியல் பக்கத்தில் உள்ள செயின்ட் லாம்பெர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் விடாமல் கேட்டு, பிரெஞ்சு மொழியில் இப்படி ஒரு வகுப்பைத் தொடங்க வைத்தார்கள். அமெரிக்காவில் இன்று சீன மொழியில் நடக்கும் தொடக்கப் பள்ளிகளும் அந்த வழியில் வந்தவைதான். அவற்றில் சிலவற்றில் பள்ளி நேரத்தில் பாதி சீனத்தில் நடக்கும். வேறு சிலவற்றில் தொடக்க வருஷங்களில் 90 சதவீதம்வரை சீனம்தான். வாரத்தில் இரண்டு நாள் ஜூமில் அரை மணி நேரம் நடப்பது மொழி வகுப்பு. அது நல்ல வகுப்பாகவே இருக்கலாம், ஆனால் அந்தப் பள்ளிகளில் வரும் பலனை அதில் எதிர்பார்க்க முடியாது.

நேரக் கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்குச் சீனம் கற்பிக்க ஒதுக்கும் வகுப்பு நேரம் சுமார் 2,200 மணி. அது பெரியவர்களுக்கு, அதுவும் வேலைக்குத் தேவையான அளவுக்கு. பிள்ளைகளின் கணக்கு வேறுதான். இருந்தாலும் வாரம் ஒரு மணி நேரம் என்றால் வருஷத்துக்கு ஐம்பது மணிதான் தேறும். மூன்று வருஷத்தில் பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லும், எண்ணும், பாடும், 'உட்கார்', 'கொண்டு வா' போன்றவற்றைப் புரிந்துகொள்ளும். அதுவே நல்ல பலன். 'சரளமாகப் பேசும்' என்று யாராவது உத்தரவாதம் தந்தால் நம்பாதீர்கள்.

சின்ன வயதில் தொடங்காவிட்டால் வாய்ப்பே போய்விடும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. உச்சரிப்பைப் பொறுத்தவரை சின்ன வயது நல்லதுதான். ஆனால் வாரத்துக்குச் சில மணி நேரமே கிடைக்கும் இடத்தில், ஆறு வயதுப் பிள்ளையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேகமாகப் படிக்கும் என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே, நாலாம் வகுப்பில் தொடங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஆறு வயதிலேயே தொடங்குவதாக இருந்தால், யூடியூப் பாட்டைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். சியாட்டிலில் பட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு முறை விளையாடி, கதை படித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளை நன்றாகப் பிரித்தறிந்தன. அதே ஆட்களை அதே அளவு நேரம் வீடியோவில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு எந்த முன்னேற்றமும் இல்லை. பள்ளிப் பிள்ளை கைக்குழந்தை இல்லைதான், ஆனாலும் பதில் சொல்ல எதிரே ஓர் ஆள் இருந்தால்தான் மொழி ஒட்டும். ஆன்லைனிலும் ஆசிரியர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசும் சின்னக் குழு வகுப்பாகப் பாருங்கள். ஆசிரியர் சீனாவிலேயே இருப்பவர் என்றால், அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். நமக்கு மாலை ஆறு என்றால் அவருக்கு எட்டரை. பெரும்பாலும் பள்ளி விட்டு வந்ததும் உட்கார வேண்டியிருக்கும் என்பதை மனதில் வைத்து நேரத்தைப் பேசுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது நோட்டுப் புத்தகத்தில் நடக்கும் தவறு. பிள்ளை மறந்துவிடக் கூடாது என்று அம்மாவோ அப்பாவோ ஒவ்வொரு சீன வார்த்தையையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். சீனத்தில் ஒலியோடு தொனியும் சேர்ந்துதான் வார்த்தை. 'மா' என்பதை உயரத்தில் ஒரே சீராக நீட்டினால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். தாழ்த்தி மறுபடி எழுப்பினால் குதிரை. மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டுவது. தமிழில் 'மா' என்று எழுதிக் கொடுத்தால் நாலும் ஒன்றாகிவிடும். 'முதலில் வார்த்தை வரட்டும், தொனியை அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. பிள்ளைகளுக்குத் தொனி பெரும்பாலும் அவ்வளவு கஷ்டம் இல்லை. பாட்டைப் பிடிப்பதுபோல் பிடித்துவிடுவார்கள்.

ஆங்கில வழியில் போனாலும் இதே தொல்லை வேறு விதத்தில் வரும். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுத 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட முறை பின்யின். அதில் வரும் 'பி' (b) எழுத்தை, பந்தைக் குறிக்கும் ஆங்கிலப் 'பால்' (ball) போலப் படிக்கக் கூடாது. நாம் குடிக்கும் பால் இருக்கிறதே, அதில் வரும் 'ப'தான் ஏறக்குறைய அந்த ஒலி. அதற்கு இணையான இன்னொரு எழுத்துக்கு (p) மட்டும் மூச்சைத் தள்ளிச் சொல்ல வேண்டும். கடையில் தரும் மெல்லிய பில் தாளை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முதல் ஒலிக்குத் தாள் அசையக் கூடாது, இரண்டாவதற்குப் படபடக்க வேண்டும். பிள்ளைக்கு இது பெரிய விளையாட்டு. விளவங்கோடு பக்கம் மலையாளம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி மூச்சோடு சொல்லும் எழுத்துகள் ஏற்கெனவே அறிமுகம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்யினில் 'ஆர்' எழுத்துக்குள்ள ஒலி, நம் 'ழ'வுக்கு மிக அருகில் இருப்பது. உலகத்தில் பலர் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் இடத்தில், தமிழை ஒழுங்காகப் பேசும் பிள்ளை எளிதாகக் கடந்துவிடும்.

எண்களிலும் அப்படித்தான். சீனத்தில் பதினொன்று என்பது 'பத்து ஒன்று', இருபத்தொன்று என்பது 'இரண்டு பத்து ஒன்று'. நம் எண்ணிக்கையும் இந்த அமைப்புதான், நூறுக்குள் தொண்ணூறுக்கு மட்டும் வழி மாறும். தமிழில் எண்ணத் தெரிந்த பிள்ளை ஆச்சியோடு பல்லாங்குழி ஆடும்போது ஒரு சுற்று தமிழிலும் ஒரு சுற்று சீனத்திலும் எண்ணட்டும். "எனக்கும் சொல்லித் தா மக்களே" என்று ஆச்சி கேட்டுவிட்டால் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இதனால்தான், சீனத்துக்கு இடம் வேண்டுமென்று வீட்டில் தமிழைக் குறைப்பதைப் பெரிய தவறு என்கிறேன். 'மூன்று மொழி சேர்ந்தால் பிள்ளை குழம்பிவிடும்' என்று பயப்படுபவர்கள் நம் மாவட்டத்தையே பார்க்கலாம். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று களியக்காவிளைப் பிள்ளைகள் நாளும் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். யாரும் குழம்பவில்லை. கதையைக் கோவையாகச் சொல்லவும் காரணம் கேட்கவும் பிள்ளை ஒரு மொழியில் உறுதியாகக் கற்றுக்கொண்டால், அந்தத் திறமை அடுத்த மொழிக்கும் கூடவே வரும். சிங்கப்பூருக்குப் போகப் போகிறோம், சீனம் தெரியாவிட்டால் அங்கே பள்ளியில் திணறும் என்பதும் தவறான எண்ணம். அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழிப் பாடமாகத் தமிழையே படிக்கலாம்.

எழுத்தை அவசரப்படுத்தாதீர்கள். சீனப் பிள்ளைகளே தொடக்கப் பள்ளி முடிக்கும்போது அறிந்திருக்க வேண்டியது சுமார் 3,000 எழுத்துகள். நாள் முழுக்க அந்த மொழியைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு ஆறு வருஷப் பாடம் அது. வாரத்துக்குப் பத்து எழுத்து, ஒவ்வொன்றும் ஐம்பது தடவை என்று இம்போசிஷன் போல எழுத வைத்தால் பிள்ளை சீனத்தையே வெறுத்துவிடும். கொஞ்ச காலம் காதும் வாயும் பழகட்டும். எழுதத் தொடங்கும்போது, சீனாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் எளிய வடிவமா, தைவானின் பழைய வடிவமா என்று கேட்டு, ஒன்றிலேயே நில்லுங்கள்.

தேர்வு, சான்றிதழ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுவர்களுக்கு நான்கு நிலைகளில் ஒய்.சி.டி. என்ற தேர்வு இருக்கிறது. பிள்ளையே ஆசைப்பட்டால் எழுதட்டும். பள்ளி மதிப்பெண்ணுக்கு உதவும் என்று மட்டும் எண்ண வேண்டாம். 2020 தேசியக் கல்விக் கொள்கையில் உதாரணமாகச் சொல்லப்பட்ட அயல்மொழிகளில் கொரியனும் ஜப்பானியமும் உண்டு, சீனம் இல்லை.

உலகப் பார்வை என்று சொல்லிக்கொண்டு கொடியும் உடையும் போட்டு ஒருநாள் விழா நடத்துவதோடு நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நம் பிள்ளைகளுக்கு உலகம் தட்டிலேயே இருக்கிறது. மீன்கறியோடு தின்னும் மரச்சீனி தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் முயற்சி எடுத்து இங்கே பரவச் செய்தார். குலசேகரம் பக்கத்து ரப்பர் மரத்தின் பூர்வீகம் அமேசான் காடு. இன்று உலகத்திலேயே அதிகமாக இயற்கை ரப்பர் வாங்கிப் பயன்படுத்தும் நாடு சீனா. அங்கே டயர் ஆலைகளில் வேலை மந்தமானால் இங்கே ஷீட் விலையும் ஆட்டம் காணும். ரப்பர் வெட்டப் போகும் அப்பாவின் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான சீனப் பாடம் வேறென்ன வேண்டும்? பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனால், அங்கே இருக்கும் பெரிய சீன ஜாடிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, இவை எந்தக் கடல் வழியாக வந்திருக்கும் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

கூடவே வீட்டில் பேசும் பேச்சையும் கவனிக்க வேண்டும். ஓட்டலில் பரிமாற வரும் வடகிழக்கு மாநிலப் பையனை 'சைனாக்காரன்' என்று கூப்பிட்டுச் சிரிக்கும் வீட்டில், பிள்ளை ஆசிரியரிடம் என்ன படித்தாலும் அந்தச் சிரிப்பையும் சேர்த்தே படிக்கும். அந்தப் பையன் நம் நாட்டுக்காரன், பெயர் உள்ளவன். பெயரைக் கேட்டுக் கூப்பிடப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

கடைசியாக, கட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு டெமோ வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே உட்காருங்கள், ஆனால் விடை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார், பிள்ளை எவ்வளவு நேரம் பேசியது, தொனி தவறியபோது அவர் அதைக் கவனித்துத் திருத்தினாரா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் பிள்ளை வாயே திறக்கவில்லை என்றால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அந்த வகுப்புக்கு ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள்.