போரோஃபேகஸ் தாடையை அடையாளம் காண்பது எப்படி?

எலும்பை நொறுக்கித் தின்ற நாய்க் கிளையில் கடைசியாக எஞ்சியிருந்த பேரினம் போரோஃபேகஸ். 1892-இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப் இதற்குப் பெயரிட்டார். சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இது முற்றிலும் அழிந்தது. பலரும் இதன் படத்தைப் பார்த்துக் கழுதைப்புலி என்றே நினைத்துவிடுகிறார்கள். பற்களைப் பார்க்கத் தெரிந்தால் அந்தக் குழப்பம் வராது. பக்கவாட்டில் எடுத்த கீழ்த்தாடைப் படம் ஒன்று போதும்.

படி 1: கோரைப்பல் இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். அங்கிருந்து பின்னோக்கிப் போனால், கத்தி போல நீண்ட ஒரு பெரிய பல் வரும். இறைச்சியை அறுக்கும் கார்னாசியல் பல் அது. மற்ற பற்களை இதிலிருந்துதான் எண்ண வேண்டும்.

படி 2: கார்னாசியலுக்குப் பின்னால் பாருங்கள். அரைப்பதற்கான சிறிய பல்லோ அதன் குழியோ தெரிந்தால் நாய்க் குடும்பம். இன்று எலும்பு தின்னும் கழுதைப்புலிகளுக்குக் கீழ்த்தாடை கார்னாசியலோடு முடிந்துவிடும்.

படி 3: இந்தப் படியில் அவசரம் வேண்டாம். கார்னாசியலுக்குச் சற்று முன்னால் இருப்பது நான்காவது முன்கடைவாய்ப்பல். சாதாரண நாய்க்கு இது சிறியது. போரோஃபேகஸுக்கோ தடித்து உயர்ந்து, கூம்பாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதற்கு முன்னுள்ளவை சுருங்கி நெருக்கியடித்து நிற்கும். கழுதைப்புலியில் எலும்பை உடைக்கும் முக்கிய வேலை மூன்றாவது முன்கடைவாய்ப்பல்லுக்கு உரியது. ஒரே உணவுப் பழக்கத்தை இரண்டு குடும்பங்கள் தனித்தனியே அடைந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. வயதான விலங்கின் தாடையில் இந்தப் பல்லின் முனை தேய்ந்து மழுங்கியிருக்கலாம். உயரத்தை மட்டும் நம்பாமல் அடிப்பகுதியின் தடிமனையும் பாருங்கள்.

இந்தப் பல் செய்த வேலைக்கு நேரடிச் சாட்சியும் உண்டு. கலிஃபோர்னியாவில் கிடைத்த, கல்லாகிப்போன போரோஃபேகஸ் மலத்தை ஆராய்ந்த முடிவுகள் 2018-இல் வெளியாயின. உள்ளே செரிக்காத எலும்புத் துண்டுகள் இருந்தன. சுமார் 24 கிலோ எடையுள்ள இந்த நாய், 35 முதல் 100 கிலோ வரை எடையுள்ள விலங்குகளைத் தின்றதாக ஆய்வாளர்கள் கணித்தனர்.

படி 4: மண்டையோடும் இருந்தால் நெற்றி புடைத்து உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: கிடைத்த இடத்தைச் சரிபாருங்கள். போரோஃபேகஸ் வட அமெரிக்கக் கண்டத்துக்கு மட்டுமே உரியது. படத்தோடு உள்ள குறிப்பில் ஆசியா, ஆப்பிரிக்கா என்றிருந்தால், படி 2-க்குத் திரும்பி மீண்டும் எண்ணுங்கள்.