லேப்டாப் பேட்டரி நீண்ட நாள் உழைக்க என்ன செய்யலாம்?

"எந்நேரமும் சார்ஜரில் போட்டால் பேட்டரி போய்விடும்" என்பார் ஒருவர். "முழுசாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்பார் இன்னொருவர். இரண்டாவது யோசனை நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்தது, மறந்துவிடலாம். இப்போதைய லேப்டாப்களில் இருப்பது லித்தியம் அயான்.

முதல் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. சார்ஜ் நிறைந்ததும் லேப்டாப்பே மின்சாரம் ஏறுவதை நிறுத்திவிடும், அதனால் அளவுக்கு மீறி ஏறாது. ஆனால் முழு சார்ஜில் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்கிறது. அந்த உச்சத்திலேயே நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் நடந்து கொள்ளளவு குறையும். கூடவே சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

படி 1: இப்போதைய நிலையைப் பாருங்கள்

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளை அடிக்கும் திரை) திறந்து 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லை அடியுங்கள். அதோடு ஒட்டி சி, எஃப், ஜி. பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, சேர்த்து எழுதிய 'பேட்டரிரிப்போர்ட்'. அதாவது: powercfg /batteryreport. என்டர் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். எந்த ஃபோல்டரில் என்பதையும் திரையே சொல்லும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' (புதிதில் இருக்க வேண்டிய கொள்ளளவு), 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' (இப்போது நிறையும் அளவு) இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலாவது 50,000, இரண்டாவது 40,000 என்றால் கொள்ளளவில் 80 சதவீதம் மிச்சம். மேக்கில் இத்தனை சுற்று வேண்டாம், செட்டிங்ஸில் பேட்டரி பகுதியிலேயே தெரியும்.

படி 2: சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். லெனோவோவில் வான்டேஜ் செயலியில் 'கன்சர்வேஷன் மோட்', அசூஸில் மைஅசூஸ் செயலிக்குள் பேட்டரி பகுதி, பல டெல், எச்பி மாடல்களில் பயாஸ் (லேப்டாப் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) அமைப்புக்குள் என்று இடம் மாறும். மேக்கில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்'; அது உங்கள் பழக்கத்தைப் பார்த்து 80க்கு மேல் ஏறுவதைத் தள்ளிப்போடும், எப்போதும் 80இல் நிறுத்தாது. பெரும்பாலும் மேசையிலேயே வேலை பார்ப்பவர், இதை இயக்கிவிட்டு சார்ஜரைச் செருகியே வைக்கலாம். வெளியூர் போகும் நாளில் மட்டும் அணைத்துவிட்டு 100 வரை ஏற்றுங்கள். தப்பில்லை.

உங்கள் லேப்டாப்பில் இந்த வசதியே இல்லையா? 80 வாக்கில் நீங்களே கழற்றி, 20, 30க்கு வந்ததும் மீண்டும் செருகுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அது வேறு தலைவலி.

படி 3: சூட்டைக் குறையுங்கள்

மெத்தை, தலையணை மேல் வைத்தால் அடியில் இருக்கும் காற்றுத்துளைகள் அடைபடும். கெட்டியான பலகை மேல் வையுங்கள். கேம், வீடியோ எடிட்டிங் செய்யும்போது இது இன்னும் முக்கியம். வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை விட்டுப் போகாதீர்கள். அப்புறம், மூடியைச் சாத்தி அப்படியே பைக்குள் திணிப்பதும் ஆபத்து: ஸ்லீப்பில் இருக்கும் விண்டோஸ் சில நேரம் தானாக விழித்து, பைக்குள்ளேயே கொதிக்கும். ஷட்டவுன் அல்லது ஹைபர்னேட் (திறந்த வேலையைச் சேமித்துவிட்டு அணைவது) செய்துவிட்டு எடுத்துப் போங்கள்.

படி 4: மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதானால்

பாதி சார்ஜில் அணைத்து, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். பூஜ்யத்தில் விட்டால் திரும்ப உயிர் பெறாமலே போகலாம்.

டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பலகை பிளந்தாற்போல் நின்றாலோ பேட்டரி உப்பியிருக்க வாய்ப்புண்டு. இந்தப் படிகள் எதுவும் அப்போது உதவாது. உடனே சார்ஜரைக் கழற்றி அணைத்துவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பேட்டரியை மாற்றுங்கள்.