மிளகுப் பொடியில் கலப்படமா? ஒரு ஜாம் பாட்டில் போதும்

முழு மிளகில் பப்பாளி விதையைக் கலந்திருந்தால், தண்ணீரில் போட்டதும் விதை மிதக்கும், நல்ல மிளகு மூழ்கும். ஆனால் உள்ளே வெறுமையான பொக்கு மிளகும் மிதக்கும். தண்டிக்குடியில் சில்வர் ஓக்கில் ஏறிய எங்கள் கொடியிலேயே அது உண்டு. பொடியாகிவிட்டால் அந்தச் சோதனை உதவாது. நான் நம்புவது சிலிக்கா பூசிய டிஎல்சி தட்டை: அதில் கரைப்பான் மேலே ஏறும்போது, சாற்றில் உள்ள பொருள்கள் வெவ்வேறு உயரத்தில் பிரிந்து நிற்கும்.

பொடி மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலக்குங்கள். இதில் சோம்பல்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஒரு கிராம் பொடிக்கு 10 மில்லி எத்தனால். குலுக்கி, பாட்டிலைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டி, கால் மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். தாள் கட்டாயம்: காரம் தரும் பைப்பரின், கரைசலில் இருக்கும்போது வெளிச்சம் பட்டால் உருமாறிவிடும்.

தட்டின் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பென்சிலால் கோடு போடுங்கள். பேனா மை கரைந்து ஓடும். கோட்டின்மேல் நுண்குழாயால் சின்னச் சின்னப் புள்ளிகள். சந்தேகப் பொடிக்குப் பக்கத்தில் உங்கள் தோட்டத்து மிளகு, அதிலேயே பத்தில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு பப்பாளி விதைப்பொடி கலந்தவை, வெறும் பப்பாளி விதை. எல்லாம் ஒரே எடை, ஒரே அளவு சாறு. இந்த வரிசை இல்லாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஜாம் பாட்டிலில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு எத்தில் அசிட்டேட், ஹெப்டேன் என்ற இரண்டு கரைப்பான்களையும் சரிபாதி ஊற்றித் தட்டை நிறுத்தி மூடுங்கள். பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. பழைய செய்முறைகளில் டொலுயீன் வரும், ஹெக்சேனும் வரும். ஹெக்சேன் நரம்பைக் கெடுப்பது. நாள் முழுக்க அதே அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அந்த ஆவி எதற்கு? புள்ளி ரொம்ப மேலே ஓடினால் ஹெப்டேனைக் கூட்டுங்கள், அவ்வளவுதான்.

கரைப்பான் தட்டின் உச்சியை நெருங்கியதும் தட்டை எடுத்து உலர்த்தி, புற ஊதா தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடியுங்கள். பைப்பரின் பளிச்சென்று நீலமாக ஒளிரும். பப்பாளி விதைக்கு அந்த உயரத்தில் பைப்பரின் புள்ளி இருக்காது. கலப்படப் பொடியில் நீலம் மங்கும். எல்லாமே ஒரேபோலப் பளபளத்தால் சாற்றை நீர்க்கச் செய்து மறுபடி வையுங்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். திப்பிலியிலும் பைப்பரின் உண்டு, அதனால் திப்பிலிக் கலப்பு இந்தப் புள்ளியில் சிக்காது.

மிச்சக் கரைப்பானைச் சாக்கடையில் விடாதீர்கள், இங்கத்து ஓடை மருதாநதிக்குத்தான் போகிறது. மூடிய பாட்டிலில் சேர்த்து, வேதிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். எவ்வளவு பைப்பரின் என்று எண்ணாகவே தெரிய வேண்டுமென்றால், ஆய்வகத்தில் எத்தனால் சாற்றை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில் 343 நானோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள்.