தட்டான் சன்னல் கண்ணாடி: முதல் முறை செய்பவர்களுக்கு

சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்தால் புளியரை வயல்களில் தட்டான்கள் கூட்டமாக எழும். அந்தச் சிறகை என் செங்கோட்டை வீட்டுச் சன்னலில் நிறுத்திவைக்க ஆசைப்பட்டுத்தான் இந்த வண்ணக் கண்ணாடி வேலையைக் கற்றேன். நியூயார்க் டிஃபனி கண்ணாடிப் பட்டறையின் புகழ்பெற்ற தட்டான் விளக்கை வடிவமைத்தவர் கிளாரா டிரிஸ்கால். 1900 பாரிஸ் கண்காட்சியில் பரிசு வாங்கிய விளக்கு அது. அவருடைய பங்கு வெளியே தெரிய நூறு ஆண்டு ஆனது. நாம் செய்யப்போவதும் அவர்கள் கையாண்ட அதே தாமிர டேப் முறைதான்: கண்ணாடித் துண்டுகளின் விளிம்பில் தாமிர டேப் ஒட்டி, அதன்மேல் ஈயத்தை உருக்கி இணைப்பது.

முதலில் படம். 20க்கு 25 செ.மீ. போதும். நான்கு சிறகு, தலை, வால். ஆறு நுனிகளிலிருந்தும் ஓரம் வரை கோடு இழுங்கள். பின்னணி ஆறு துண்டாகப் பிரியும். கோடு ஓரத்தைத் தொடாவிட்டால் கண்ணாடிக்கு நடுவே ஓட்டை வெட்ட வேண்டிவரும், அது கையால் ஆகாது.

3 மி.மீ. கண்ணாடியில் கட்டரை ஒரே இழுப்பாக இழுங்கள். அதே கோட்டில் இரண்டாம் முறை ஓட்டினால் கட்டரின் சக்கரம் கெட்டுவிடும். எண்ணெய் ஊற்றி வைக்கும் பிடியுள்ள கட்டரையே வாங்குங்கள். சின்ன இரும்புக் கட்டர் விரலை நோகடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

அடுத்து டேப் ஒட்டுவது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கட்டருக்கு எண்ணெயாக மண்ணெண்ணெய்தான் வைத்திருந்தேன்; கண்ணாடியில் பட்டதைத் துணியால் துடைத்துவிட்டு ஒட்டினேன். ஈயம் வைத்ததும் சூட்டில் டேப் சுருண்டு எழுந்துவிட்டது. இரண்டாம் முறை சோப்புப் போட்டுக் கழுவினேன், அப்போதும் எழுந்தது. காரணம் சாரல்: கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் விளிம்பில் ஈரம் இருந்திருக்கிறது. இப்போது பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, ஹேர் டிரையர் பிடித்து, விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். கிறீச்சென்று சத்தம் வந்தால்தான் ஒட்டுவேன். 5.5 மி.மீ. டேப்பை விளிம்பின் நடுவில் வைத்தால் இருபுறமும் ஒன்றேகால் மி.மீ. மடியும். மரக்கரண்டிக் காம்பால் அழுத்தித் தேயுங்கள்.

சரி, ஈயம். 80 வாட் சால்டரிங் அயர்ன் வேண்டும். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் சூடு போதாது. 60/40 கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்), உள்ளே ரோசின் என்ற பிசின் இல்லாதது. ஈயம் தாமிரத்தில் பிடிக்க உதவும் ஃபிளக்ஸைத் தடவி மூலைகளில் பொட்டு வைத்து நிறுத்தி, அப்புறம் கோடு முழுக்க ஓட்டுங்கள். திருப்பிப் போட்டுப் பின்பக்கமும், கடைசியில் நான்கு ஓரமும். சன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். முடிந்ததும் ஃபிளக்ஸ் போகக் கழுவிவிடுங்கள்.

பின்சேர்க்கை: சன்னலில் மாட்டிய மறுநாளே, தொங்கவிடப் பற்றவைத்த கொக்கி டேப்போடு பிய்ந்து வந்ததாக ஒரு வாசகி எழுதியிருந்தார். வெறும் ஓரத்து டேப் எடையைத் தாங்காது. உள்ளிருந்து வரும் ஈயக் கோடு மேல் ஓரத்தைத் தொடும் இடத்தில் கொக்கியின் காலை அந்தக் கோட்டோடு சேர்த்துப் பற்றவையுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்றவர்களுக்கு: தையல் மெஷின் எண்ணெய் போதும், ஆனால் கழுவுவதை விட்டுவிடாதீர்கள்.