டெக்சஸ் ஜெர்மன் ஊர் மண்டபத்தின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி

டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியரின் சங்கங்கள் கட்டிய ஊர் மண்டபத்தின் வாசல் பலகையில் ஓர் ஆண்டு எழுதியிருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது சங்கம் தொடங்கிய ஆண்டு, கட்டடம் எழுந்த ஆண்டு அல்ல. ஆஸ்டின் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) கேட் ஸ்பிரிங் வேளாண் சங்கம் 1856-இல் தோன்றியது. அதன் மண்டபம் கட்டியது 1902-இல். நடுவில் 46 ஆண்டுகள்.

அதனால் நோட்டின் முதல் பக்கத்திலேயே நான்கு கோடு போடுங்கள்: சங்கம் தொடங்கியது, நிலம் கைக்கு வந்தது, கட்டடம் எழுந்தது, இப்போதைய வடிவம் வந்தது. எந்தத் தகவல் கிடைத்தாலும் இந்த நான்கில் எதைச் சேர்ந்தது என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

முதலில் மண்டபம் எந்த வகைச் சங்கத்துடையது என்று பாருங்கள். டூர்ன்ஃபெரைன் என்றால் உடற்பயிற்சிச் சங்கம், கெஸாங்ஃபெரைன் பாட்டுச் சங்கம், ஷ்யூட்ஸன்ஃபெரைன் துப்பாக்கி சுடும் சங்கம். முகப்பிலோ பழைய கொடியிலோ நான்கு 'எஃப்' எழுத்துகள் சிலுவைபோல் பின்னியிருந்தால் அது டூர்ன்ஃபெரைன்தான். ஃபிரிஷ், ஃபுரோம், ஃபுரோலிஷ், ஃபிரை என்ற அவர்களுடைய நான்கு சொற்களின் முதலெழுத்து அது.

அடுத்தது நிலப் பத்திரங்களைப் பதிந்து வைக்கும் கவுண்டி கிளார்க் அலுவலகம். ஆஸ்டின் கவுண்டியின் கேட் ஸ்பிரிங், பெல்வில் இரண்டுக்கும் பத்திரங்கள் பெல்விலில் இருக்கின்றன. ஆஸ்டின் நகரம் இருப்பது டிராவிஸ் கவுண்டியில், பெயரைப் பார்த்து அங்கே போய் நிற்க வேண்டாம். கவுண்டி எப்போது உருவானது என்பதையும் பாருங்கள். ஃபிரெடெரிக்ஸ்பர்க் என்ற ஊர் 1846-இல் தோன்றியது, அதன் கில்லெஸ்பி கவுண்டியோ 1848-இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய பத்திரத்தைத் தாய்க் கவுண்டியில் தேட வேண்டும்.

வாங்கியவர் அட்டவணையில் சங்கத்தின் பெயர் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். பதிவு பெறாத சங்கத்துக்காக இரண்டு மூன்று அறங்காவலர்கள் தங்கள் பெயரில் வாங்கியிருப்பார்கள். செய்தித்தாளில் நிர்வாகிகளின் பெயரைக் கண்டுபிடித்து, அந்தப் பெயர்களை வைத்துத் தேடுங்கள். அளவு 'வாரா' என்ற பழைய ஸ்பானிய நீள அலகில் இருக்கும். டெக்சஸில் 1 வாரா 33⅓ அங்குலம். கெஜம் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் 100 வாரா, அதாவது 278 அடி மனை 300 அடியாகிவிடும், எல்லைக்கல் எதுவும் பொருந்தாது.

செய்தித்தாள்தான் சுரங்கம். நியூ பிரவுன்ஃபெல்ஸ் ஊரின் நோய்-பிரவுன்ஃபெல்ஸர் ட்ஸைட்டுங் 1852-இல் தொடங்கி 1957 வரை ஜெர்மனில் வந்தது. அச்செழுத்து ஃபிராக்டூர் என்ற பழைய ஜெர்மன் வகை. அதன் நீண்ட 'எஸ்', 'எஃப்' போலவே தெரியும். கணினி எழுத்துணரி அதில் தவறாமல் தடுக்கி விழும். 'கெஸாங்' என்று தேடினால் ஒன்றும் வராது, 'கெஃபாங்' என்று தேடினால் கொட்டும். ஆகவே ஒவ்வொரு தேடுசொல்லையும் 'எஸ்' வைத்து ஒருமுறை, 'எஃப்' வைத்து ஒருமுறை தேடுங்கள். திறப்பு விழாவுக்கு அவர்கள் சொல் 'ஐன்வையுங்'. இந்தச் சொல்லில் 'எஸ்' இல்லை என்பதால் முதலில் இதையே தேடலாம். விழா விளம்பரத்தில் 'புதிய மண்டபத்தில்' என்று வரும் முதல் தேதியும், அதற்கு முன் விழா எங்கே நடந்தது என்பதும் கட்டட ஆண்டை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துவிடும்.

சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு கிடைத்தால் அதை விட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தை முதலில் திறங்கள். கையெழுத்து குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் வகை. சின்ன 'இ' பார்ப்பதற்கு 'என்' போலிருக்கும், 'யு'வுக்கு மேல் ஒரு வளைவு இருக்கும். பழகச் சில வாரமாகும். எண்களை அன்றைக்கே வாசித்துவிடலாம். மரக்கடைக்கும் ஆணிக்கும் பெரிய தொகை போன மாதங்கள்தான் கட்டட மாதங்கள். படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். மங்கிய மை அதில்தான் எழும்பும். முதல் படம் அட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எந்தப் புத்தகத்தின் பக்கம் என்றே பிறகு தெரியாது.

காகிதம் கைவிட்டால் ஆணி பேசும். ஏறத்தாழ 1890 வரை வெட்டாணி: நான்கு முகம், மழுங்கிய முனை. அதன்பின் பெருவழக்கானது கம்பியாணி: உருண்டை, கூர்முனை. தரையிலும் வெளிச்சுவரிலும் பார்ப்பதில் பயனில்லை, ஆடி ஆடித் தேய்ந்த தரைப்பலகையை மாற்றியிருப்பார்கள். கூரைச் சட்டங்கள் சேரும் இடத்தில், நாலைந்து இடங்களில் பாருங்கள். பிடுங்க வேண்டாம், தலையின் வடிவமே போதும். பழைய மரத்தை எடுத்துக் கட்டியிருந்தால் வெட்டாணி தவறான ஆண்டைக் காட்டும். எதையும் தாங்காத வெற்றுத் துளைகள் தென்பட்டால் சந்தேகப்படுங்கள்.

ஊர் கொஞ்சம் பெரிதென்றால் தீக்காப்பீட்டுக்காகக் கட்டடங்களைக் குறித்த சான்போர்ன் வரைபடம் இருக்கும். 1 அங்குலத்துக்கு 50 அடி. மஞ்சள் நிறம் என்றால் மரக் கட்டடம், இளஞ்சிவப்பு என்றால் செங்கல், நீலம் என்றால் கல். சில தாள்களில் பிந்தைய திருத்தங்களைத் துண்டாக ஒட்டியிருப்பார்கள். தாளின் ஆண்டை நம்பி அந்தத் துண்டையும் அதே ஆண்டில் சேர்த்துவிடக் கூடாது.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "மின்சாரம் வருவதற்கு முன்பா, பின்பா?" என்று கேளுங்கள். ஆண்டு தவறும், வரிசை அவ்வளவாகத் தவறாது.

நிற்கும் கட்டடம்தான் ஆவணத்தில் வரும் கட்டடமா என்று கடைசியில் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும். ஃபிரெடெரிக்ஸ்பர்க்கின் ஃபெரைன்ஸ்கிர்ஹெ 1847-இல் கட்டிய எண்கோணக் கட்டடம். கோயில், பள்ளி, ஊர்க்கூட்டம் எல்லாம் அதில்தான். காப்பி அரைக்கும் மில் என்று ஊரார் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நடுத்தெருவில் நின்ற அதை 1897-இல் இடித்துவிட்டார்கள். இன்று சந்தைத் திடலில் நிற்பது 1930களில் எழுப்பிய நகல். இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் ஆண்டும் தப்பு, இடமும் தப்பு.

கட்டட ஆண்டு உறுதியாகாவிட்டால் 'சுமார்' போட்டு மழுப்ப வேண்டாம். 'நிலம் வாங்கியதற்குப் பின், இந்தத் தேதி விளம்பரத்துக்கு முன்' என்று இரண்டு எல்லையையும் எழுதுங்கள். இன்னொரு பத்திரம் கிடைக்கிறவர் அந்த எல்லையை நெருக்கிக்கொள்வார்.